மிலாறு கட்ட இரண்டு கட்டை

பெரகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை மிலாறு என்போம். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து அடுப்புகளுக்கு அதுதான் விறகு. வேலை விட்டதும் பெண்கள் எல்லோரும் மலைக்கு ஓடுவோம். கட்டி வைத்த கட்டு கட்டினவளுக்கு, யாரும் தொடமாட்டார்கள். கட்டாமல் குவித்து வைத்தால் அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். சண்டை பிடித்துப் பயனில்லை.

போன மழைக்குத் தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். பண்டாரவளை ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. கொழுந்து கிள்ள முடியாது என்று, வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளையிடம் அழாத குறையாகச் சொல்லி, தவறணை என்கிற நாற்றங்காலில் தேயிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை வாங்கியிருந்தேன். கை தேறும்வரை அந்த வேலை நிலைக்க வேண்டும். படுத்தாலும் எழுந்தாலும் எனக்கு அந்த ஒரு பயம்தான்.

ஆனால் அடுப்பு கையைப் பார்த்தா எரியும்? மிலாற்றைக் குவித்துவிடுவேன், கயிற்றை இறுக்க முடியாது. தன் கையே தனக்கு உதவி என்பார்கள். என் கை எனக்கே பாரமாகத் தொங்கியது. முதல் குவியலை எவளோ கட்டிக்கொண்டு போய்விட்டாள். கேட்க எனக்கு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும், உடம்பெல்லாம் அசதியாக இருந்தும், இரண்டு கொய்யாக் கட்டைகளை வெட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு நுனிக்குப் பக்கத்தில் கத்தியால் பள்ளம் செதுக்கி, இரண்டு பள்ளங்களையும் இணைத்து ஒரு கயிற்றைக் கட்டினேன். அவ்வளவுதான் சாமான். கயிற்றை விரித்து அதன்மேல் மிலாற்றை அடுக்கி, கட்டைகளை மேலே குறுக்காக மாற்றிப் பிடித்துக் கீழே அமுக்கினால் குவியல் நெரிந்து ஒடுங்கும். அமுக்கிய கட்டைகள்மேல் பக்கத்துக்கு ஒன்றாக முழங்காலை ஊன்றிக்கொண்டு, இடது கையாலும் பல்லாலும் உரப்பை நூலில் முடிச்சுப் போட்டுவிடுவேன்.

"ஏன்டி, வெறகு கட்டுறியா ஜெபம் பண்றியா?" என்று லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருப்பவள் கேட்டாள்.

"ரெண்டுந்தான், போ" என்றேன். சிரிக்கத் தெம்பில்லை.

மறுநாள் மாலை இரண்டு கட்டு முடித்து, மூன்றாவதன்மேல் முழங்காலை ஊன்றியிருந்தபோது கணக்கப்பிள்ளை அந்த வழியாக இறங்கி வந்தார். முடித்த கட்டு ஒன்றைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"ஒரு குச்சி அசையலையே. கை தேறிருச்சு போல?"

"கையால கட்டலைங்க ஐயா. முழங்காலால கட்டுறேன்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் குனிந்து கட்டைகளைப் பார்த்தார். "நல்ல யோசனை. எங்க வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "இம்புட்டு இறுக்கமாக் கட்டுறவங்க தவறணையில என்னத்துக்கு? நாளைக்குக் கொழுந்துக்கு வந்துருங்க."

ஓடிப்போய் மறித்து, மடங்காத விரல்களை அவர் முகத்துக்கு நேரே காட்டியிருக்க வேண்டும். முடிச்சு இன்னும் போடவில்லை. எழுந்தால் கட்டு விரிந்துவிடும்.

முழங்காலில் இருந்தபடியே, "சரிங்க ஐயா" என்றேன்.