எட்டு மணிக்குத் திரும்பிய மலை

என் நாயோடு சாலவாக்கம் பக்கத்துக் குன்றில் ஏறப் போகிறேன் என்று சொன்ன மறுநாள், எங்கள் டவுன் பஸ் டிரைவர் என் கையில் ஒரு நாள்காட்டித் தாளைத் திணித்தார். அதன் பின்பக்கம் பேனாவால் நேரங்கள் எழுதியிருந்தன. ஐந்தரைக்கு அடிவாரம். ஆறு மணிக்கு முதல் தண்ணீர். ஆறே முக்காலுக்கு இரண்டாவது. எட்டு மணிக்குத் திரும்புதல். கடைசி வரிக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தார்.

உத்திரமேரூரிலிருந்து போகும் அந்த வண்டியில் பதினோரு வருஷம் அவர் ஓட்ட, நான் டிக்கெட் கொடுத்தேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஏரிக்கரை திரும்பியதும் இடப்பக்கம் அந்தக் குன்று தெரியும். தினம் எத்தனையோ முறை அதைப் பார்த்தவன், ஒருமுறைகூட அதன் மேல் கால் வைத்ததில்லை. ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கையில் அது மனத்தில் முள்ளாகக் குத்தத் தொடங்கியது. வீட்டில் பிள்ளைகள் இல்லாத எனக்கும் என் மனைவிக்கும் செல்லப்பிள்ளை செவலை என்ற நாட்டு நாய்தான். செவலை இல்லாமல் எங்கும் போக எனக்கு மனம் வராது.

“நானும் வரேண்ணே. ஆனா சும்மா கெளம்பிட முடியாது,” என்றார் டிரைவர். கால்நடை மருந்தகத்துக்குச் செவலையைக் கூட்டிப்போய் வெறிநாய்த் தடுப்பூசி போடவைத்தார். காதுமடலைப் புரட்டி உண்ணி பார்த்தார். மலையில் குரங்கும் மயிலும் உண்டு, துரத்திக்கொண்டு ஓடிவிடுவாள் என்று புதுக் கழுத்துப்பட்டையும் நீளக் கயிறும் வாங்கினார். நாய்க்கென்றே தனியாக இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு அலுமினியக் கிண்ணம், இரண்டு துண்டு. ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சோறு வைக்கக் கூடாது என்று என் மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார். “பத்து மணிக்குள்ள நாங்க வூடு வரலன்னா ஆள் அனுப்புங்கண்ணி,” என்றும் சொல்லி வைத்தார். தன் கல்யாணத்துக்குக்கூட இத்தனை ஏற்பாடு பண்ணியிருக்க மாட்டார் என்று நான் சிரித்தேன்.

அது பங்குனி மாதம். விடியற்காலையில் கிளம்பினோம். முதல் ஒரு மணி நேரம் செவலை எங்களுக்கு முன்னால் கயிற்றை இழுத்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு புதரையும் மோந்தாள். நான்தான் மூச்சு வாங்கினேன், அடிக்கடி உட்கார்ந்தேன். அதில் நேரம் போய்விட்டது. உச்சிப் பாறை கண்ணெதிரே வந்தபோது டிரைவர் நின்றார்.

“அண்ணே, எட்டு ஆயிடுச்சு. எறங்கலாம்.”

“இன்னாப்பா வெளையாடுறியா? உச்சி தோ கீது. பத்து நிமிஷம்.”

“போவ பத்து, வர பத்து. நாம செருப்பு போட்டுக்கினு கீறோம். செவலைக்கு இன்னா கீது? பாறைல கைய வெச்சுப் பாருண்ணே.”

நான் கை வைக்கவில்லை. பதினோரு வருஷத்து ஆசை அங்கே நாலு பனை உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினார். வேறு வழியில்லாமல் பின்னால் நடந்தேன். கோபத்தில் வழியில் கிடந்த கற்களை எத்திக்கொண்டே வந்தேன்.

பாதி இறங்கியதும் செவலையின் நடை தள்ளாடியது. நாக்கு பக்கவாட்டில் தொங்க, எச்சில் கெட்டியாக வழிந்தது. மூச்சு இரைத்த வேகம் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வேப்பமரத்து நிழலில் அப்படியே சாய்ந்துவிட்டாள். நான் கிண்ணம் நிறையத் தண்ணீரை அவள் வாயருகே கொண்டுபோனேன். டிரைவர் என் கையைப் பிடித்தார். “கொஞ்சம் கொஞ்சமா குடுண்ணே.” ஒரு துண்டை நனைத்து அவள் வயிற்றிலும் உள்ளங்கால்களிலும் ஒற்றினார். இன்னொரு துண்டால் நான் விசிறினேன். அப்போதுதான் வெயிலில் கிடந்த பாறையை விரலால் தொட்டேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து இரைப்பு அடங்கியது. வால் ஒருமுறை தரையில் தட்டியது. எங்கள் இருவர் கண்ணிலும் தண்ணீர். மீதித் தூரத்துக்கு அவளை மாற்றி மாற்றித் தோளில் தூக்கிவந்தோம். நேரே மருந்தகத்துக்குப் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் மேலே இருந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார்.

மார்கழியில் மறுபடி போனோம். பனி விலகாத காலையில் மூவரும் உச்சிக்கு ஏறினோம். ஏரிகளும் நாற்று நட்ட வயல்களும் கீழே விரிந்து கிடந்தன. செவலை காற்றுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்தாள். நான் பாறையில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது.

டிரைவர் இப்போது வேறு ஊரில் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். செவலைக்கு முகம் நரைத்துவிட்டது, ஏரிக்கரை வரை நடந்தாலே போதும் அவளுக்கு. போன வாரம் பேசும்போது திடீரென்று கேட்டார்: “அன்னிக்கு என் மேல ரொம்ப கோவமாண்ணே?”

“வேப்பமரம் வரைக்கும் இருந்துதுப்பா,” என்றேன்.

அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. காலடியில் படுத்திருந்தவள் அந்தக் குரலுக்குக் காதை நிமிர்த்தினாள். போனை அவள் பக்கம் நீட்டினேன்.