பொட்டு வைப்பதற்கு முன்

செய்தி வந்தபோது நான் ஹரிஸ் பார்க்கில் மதியச் சாப்பாட்டுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எங்கள் பட்டறை முதலாளிதான் போனில் சொன்னார். யோகன் பெயின்ட் அறைக்குள் விழுந்துவிட்டார், மாரடைப்பு, ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. “வீட்டுக்கு நீயே சொல்லிவிடு, உன் மொழிதானே” என்றார். வீடு கிளிநொச்சியில் இருந்தது. அவருடைய மனைவி மதி அக்காவுக்கு நான்தான் சொன்னேன். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

யோகன் அண்ணாவை உங்களில் பலருக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்தவர். பத்து வருடங்களுக்கு மேலாக, முடிவு வரும்வரை தங்கவிடும் பிரிட்ஜிங் விசாவில் இருந்தவர். அந்த விசாவில் வேலை செய்யலாம், வரி கட்டலாம். மனைவியையும் மகளையும் கூப்பிட முடியாது, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவும் முடியாது. மெரிலேண்ட்ஸ் பட்டறையில் நான் மெக்கானிக், அவர் பெயின்டர். படிக்க வந்து தங்கிவிட்ட என்னை “இந்தியாக்காரன்” என்றுதான் கூப்பிடுவார். அடக்கமான மனிதர் இல்லை. தான் அடித்த பெயின்டைத் தானே புகழ்வார். டீ போடும் முறை நம்மில் யாருக்கும் தெரியாது என்பார். அவர் போடும் டீ வாயில் வைக்க முடியாது.

நம்மவர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்த ஒரே கதை அந்தப் பழைய கார் கதைதான். அதனால் காரிலிருந்து தொடங்குகிறேன்.

அறுவடை இயந்திரம் செய்யும் ஓர் அமெரிக்கக் கம்பெனி, நூறு வருடங்களுக்கு முன் விவசாயிகளுக்காகக் கொஞ்ச காலம் கார் செய்து விற்றிருக்கிறது. அதில் ஒன்றை கிரெகரி என்ற ஓய்வுபெற்ற பல் டாக்டர் எங்களிடம் டிரெய்லரில் கொண்டுவந்தார். மாட்டுவண்டியில் இருப்பதுபோல் உயரமான மரச் சக்கரம், அதன்மேல் காற்றில்லாத கட்டி ரப்பர், சீட்டுக்கு அடியில் எஞ்சின். கதவு கிடையாது.

“மாட்டைக் காணோமேண்ணே” என்றேன்.

“ஐசே, நெல்லு வெட்டுற மிசினுக்குக் கலியாண உடுப்புப் போட்டு விட்டிருக்கிறாங்கள். வடிவாப் பார்” என்றார் அண்ணா.

கிரெகரி கூலி பேசியது பெயின்டுக்கு மட்டும். அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தார். மரத்தைத் தேய்த்தார், வார்னிஷ் அடித்தார், காய்ந்ததும் மறுபடி தேய்த்தார். அதற்கெல்லாம் கூலி வாங்கவில்லை. சும்மா எதற்கு உழைக்கிறீர்கள் என்று சண்டை போட்டேன். அப்போதுதான் சொன்னார். விசாவுக்காக அமைச்சருக்கு ஒரு கடைசி மனு போகிறது. ஆதரவுக் கடிதங்கள் வேண்டும். நம்மவர் கடிதங்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரர் இரண்டு மூன்று பேர் எழுதினால் பலம் என்று மனு எழுதுகிறவர் சொல்லியிருக்கிறார். கிரெகரியின் பழைய கார் கிளப்பில் ஓய்வுபெற்ற வக்கீல்கள்கூட இருந்தார்கள்.

“கேட்டால் எழுதுவினம். நல்ல சனம்” என்றார்.

கார் முடிந்த சனிக்கிழமை கிரெகரி கிளப் நண்பர்கள் நாலைந்து பேருடன் வந்தார். அண்ணா வேட்டி கட்டி வந்திருந்தார். எலுமிச்சம்பழம், தேங்காய், சந்தனம், குங்குமம் எல்லாம் ஒரு பையில் இருந்தன. புது வண்டி என்றால் நாம் செய்வதுதான்.

இனி நீங்கள் கேள்விப்பட்ட கதை: அண்ணா காருக்குப் பொட்டு வைத்தார், ஈரம் முழுதாகக் காயாத வார்னிஷில் குங்குமம் ஊறிச் சிவப்பாகப் பிடித்துக்கொண்டது, கிரெகரி கத்தினார், கடிதம் போச்சு. ஸ்ட்ராத்ஃபீல்டில் நம்மவர் வீடுகளில் பிறந்தநாள் சாப்பாட்டுக்குப் பிறகு இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். “பொட்டால விசா போன ஆள்” என்று அவர் முகத்துக்கு நேராகவே ஒரு அங்கிள் சொன்னார். அண்ணாவும் சேர்ந்து சிரித்தார்.

நான் அங்கே இருந்தேன். நடந்தது அப்படி இல்லை.

அண்ணா முதலில் கடிதத்தைத்தான் கேட்டார். பை அப்போது பிரிக்கப்படவே இல்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மகள் படத்தை போனில் காட்டி, நேராகக் கேட்டார். கிரெகரி காரின் பித்தளை விளக்கைத் தடவிக்கொண்டே, “அற்புதமான வேலை, சாம்” என்றார். அண்ணாவை அவர் கூப்பிடுவது அப்படித்தான், யோகன் என்ற பெயர் அவர் வாயில் அதுவரை வந்ததில்லை. பிறகு, தங்கள் கிளப் அரசியலில் தலையிடாது என்றார். நண்பர்கள் எஞ்சினைப் பார்க்கக் குனிந்துகொண்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் காரை அவர்களில் ஒருவர் “இந்த நாட்டின் சொத்து” என்று சொன்னதும் அதே நிமிடத்தில்தான்.

அதற்குப் பிறகுதான் அண்ணா பையைப் பிரித்தார். சந்தனத்தைக் குழைத்து, குங்குமம் தொட்டு, மெதுவாகப் பொட்டு வைத்தார். அப்புறம் கிரெகரி கத்தியதெல்லாம் உண்மை.

“பிறகு எதுக்குண்ணே வச்சீங்க?” என்று, அந்தக் கதை பரவிய பிறகு ஒருநாள் கேட்டேன்.

“கார் என்ன பாவம் செய்தது? நான் செய்த வேலை. பூசை இல்லாமல் விடேலுமோ.”

“அப்ப பொட்டாலதான் போச்சுன்னு ஏன் எல்லார்கிட்டயும் சொல்றீங்க?”

“நான் கேட்டு அவங்கள் இல்லையெண்டது தெரிஞ்சால் சனம் பாவம் பார்க்கும், ஐசே. இதெண்டால் சிரிச்சிட்டுப் போகும்.”

அதனால் நானும் யாரிடமும் சொல்லவில்லை. மனு நிராகரிக்கப்பட்டது. அவர் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மற்றவர்களின் கார்களுக்கு நிறம் அடித்தார். இந்த மாதம் அவர் உடல் ஊருக்குப் போனது. அதற்கு மட்டும் அனுமதி உடனே கிடைத்தது.

சடங்குகள் முடிந்தபின் மதி அக்கா போன் செய்தார். அதிகம் அழவில்லை, களைத்திருந்தார்.

“தம்பி, அண்டைக்கு அந்தப் பொட்டை மட்டும் வைக்காமல் விட்டிருந்தால் நாங்களும் அங்க வந்திருப்பம், என்ன?”

மனைவியிடமும் அவர் அதையே சொல்லியிருந்தார். நான் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன்.

“அப்ப இவரில பிழையில்லையோ?”

“இல்லக்கா.”

“ஒவ்வொரு முறை போன் எடுக்கேக்கையும் இதைச் சொல்லித்தான் ஏசினனான்” என்றார். “ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லேல்லை.”

யோகன் அண்ணாவின் பொறுமையை நான் பாடமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை, எனக்கு அது வேண்டாம். நான் வைத்துக்கொள்வது அவர் கடிதம் கேட்ட அந்த ஒரு நிமிடத்தை. போனை நீட்டியபடி நிற்கிறார், படத்தில் மகள் பள்ளிச் சீருடையில் இருக்கிறாள், யாரும் பார்க்கவில்லை. இனி எங்காவது பொட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்தால், அங்கே நான் இருந்தால், இதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போவேன்.