ஜியும் எல்லும் சேர்ந்தால்

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் அருள்மேரிக்குக் கிளேஸ் முக்கும் வேலை. ஒருமுறை சுட்டெடுத்த பொம்மை சுண்ணாம்புக் கட்டி மாதிரி மங்கிக் கிடக்கும். அதைப் பால் போலிருக்கும் கிளேஸ் கரைசலில் முக்கி, உதறி, பலகையில் வைப்பாள். மறுபடி சூளைக்குப் போய் வந்தால் அதே பொம்மை பளபளவென்று நிற்கும். எத்தனையோ வருடமாகப் பார்த்தும் அவளுக்கு அது சலிக்கவில்லை. சூளைக் கதவு திறக்கிற நாளில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றுவிடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் பொம்மைகளின் மேல் மயிரிழை போல வெடிப்பு விழுந்தது. கிளேஸ் ஏன் இப்படி வெடிக்கிறது என்று போனில் தேடிப் பார்க்க நினைத்தாள். எட்டாவது வரை படித்தவள். ஆங்கிலத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பாள். ஜி, எல் என்று இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டு மூன்றாவது எழுத்தை யோசிப்பதற்குள், அந்த இரண்டில் தொடங்கும் சொற்களையெல்லாம் போன் கீழே வரிசையாகக் காட்டியது. அவை என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசையில் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தமிழில் பொருள் பார்த்தாள். கிளாஸ், கண்ணாடி. கிளோ, தணல் போல ஒளிர்வது. கிளிட்டர், மினுமினுப்பது. கிளீம், மெல்ல மின்னுவது. கிளிம்ப்ஸ் என்றால் கணநேரம் கண்ணில் பட்டு மறைவதாம். அவளுடைய கிளேஸும் அதே வரிசையில் இருந்தது.

வெடிப்பை மறந்துவிட்டாள். இத்தனை வெளிச்சத்தையும் இரண்டே எழுத்துக்குள் யார் கொண்டுவந்து வைத்தது என்று உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் பொம்மைகளுக்குக் கண் எழுதும் விருத்தாம்பாளிடம் சொன்னாள். வெள்ளைக்காரன் உட்கார்ந்து யோசித்து வைத்திருப்பான் என்றாள் அவள். அருள்மேரிக்கு அது போதவில்லை. தானாக முளைத்த செடி மாதிரி அல்லவா தெரிகிறது. அதன்பிறகு எங்கே ஜியும் எல்லும் சேர்ந்திருந்தாலும் கண் அங்கே போய்விடும். குளூ என்றால் பசை என்று தெரிந்தபோது ஏமாந்தாள். ஒரு வீட்டில் பிறந்த எல்லாருமா ஒரே சாயலில் இருக்கிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டாள். குளூம் என்றால் இருட்டு. அதுவும் வெளிச்சத்தைப் பற்றிய பேச்சுதானே என்று சேர்த்துக்கொண்டாள். குளோரி என்றால் மகிமை என்று பார்த்த வாரம், சர்ச் பூசையில் மெழுகுவர்த்திகளுக்கு எதிரே நின்று அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

அந்த வருடக் கடைசியில் இடதுபக்கத்துப் பொம்மைகள் அவள் கை பட்டு விழ ஆரம்பித்தன. கவனக்குறைவு என்றே அவளும் நினைத்தாள். ஒருநாள் இடதுபுறமாக வந்து டீ நீட்டிய விருத்தாம்பாள், டம்ளரை அவள் பார்க்கவே இல்லை என்பதைக் கண்டு, கண்ணைக் காட்டச் சொல்லி விரட்டினாள். சரக்கு ஆட்டோ ஓட்டும் அருள்மேரியின் கணவர் ஸ்தனிஸ்லாஸ் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

கண்ணின் அழுத்தத்தைப் பார்த்து, மருந்து விட்டுப் பார்த்து, கடைசியில் டாக்டரம்மா சீட்டில் நோயின் பெயரை எழுதினார். கிளாக்கோமா. அருள்மேரி முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, இது ஜி எல்லுல ஆரம்பிக்குதே. இதுலயும் வெளிச்சம் இருக்குதுங்களா?"

டாக்டருக்கு விளங்கவில்லை. அருள்மேரி தன் சொற்களைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இது பழைய கிரேக்கச் சொல்லும்மா," என்றார். "நீலமும் சாம்பலும் கலந்து மினுக்குற நெறத்துக்கு அப்படிப் பேரு. பார்வை போனவங்க கண்ணுல அந்த மினுக்கத்தப் பாத்துட்டு இந்தப் பேர வச்சாங்கன்னு படிச்சிருக்கேன்."

அருள்மேரி சீட்டில் அந்தப் பெயரை மறுபடி கூட்டிப் படித்தாள். பார்வை போன கண்ணில்கூட யாரோ ஒரு மினுக்கத்தைக் கண்டிருக்கிறார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், ஒருநாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகுதான் காதில் ஏறியது.

திரும்பும் வழியில் ஸ்தனிஸ்லாஸ் மணிமுத்தாற்றுப் பாலத்தருகே ஆட்டோவை நிறுத்தி டீ வாங்கி வந்தார். தேங்கிய தண்ணீரில் வெயில் சிதறிக் கிடந்தது. அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"நடுவுல மட்டுந்தாங்க ஆறு தெரியுது."

"ரெண்டு ஓரத்துலயும் இருக்குறத நான் சொல்றேன்," என்றார் அவர். இரண்டு மாடு நிற்பதையும், ஒருவன் பைக் கழுவுவதையும், மணலில் யாரோ போர்வை காயப்போட்டிருப்பதையும் நிதானமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டே அவள் அழுதாள்.

சில மாதம் பயத்திலேயே போனது. அடுப்பில் பால் கொதிக்கும்போது, ரோட்டைத் தாண்டும்போது, கண் மூடிப் படுக்கும்போதுகூட பயம். கம்பெனி நடத்தும் மாயவன் அவளை வேறு வேலைக்கு மாற்றவா என்று கேட்டார். வேண்டாமென்றாள், பலகையை மட்டும் வலதுபக்கம் போடச் சொன்னாள். போட்டார்கள். அதன்பின் பொம்மை விழவில்லை. சொட்டு மருந்தை ஒருநாளும் விடவில்லை. அடுத்த பரிசோதனையில் பார்வை அதற்குமேல் குறையவில்லை என்று தெரிந்தது. அதைச் சொன்ன டாக்டர், அவள் கேட்டதிலிருந்து தானும் அப்படிச் சொற்களைப் பார்ப்பதாகவும், எஸ், என் என்ற இரண்டு எழுத்தும் சேர்வதைப் பார்க்கும்படியும் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே பார்த்தாள். ஸ்னீஸ், தும்மல். ஸ்னிஃப், மோந்து பார்ப்பது. ஸ்னோர், குறட்டை. ஸ்னௌட் என்றால் பன்றி, நாய்களின் நீண்ட மூக்கு.

மறுநாள் காலை விருத்தாம்பாள் ஒரு பொம்மைக்குப் புருவம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எஸ்ஸும் என்னும் சேந்தா எல்லாம் மூக்குக்கா."

விருத்தாம்பாள் பொம்மையிலிருந்து தூரிகையை எடுத்துவிட்டு, அந்த இரண்டு எழுத்தையும் மெதுவாகச் சேர்த்து ‘ஸ்ன்’ என்று சொல்லிப் பார்த்தாள். மூச்சு அவள் மூக்கு வழியாகவே வந்தது. தூரிகையோடு கை அப்படியே நின்றது.

"இன்னொருவாட்டி சொல்லு மேரி," என்றாள்.