மலை தெரிந்தால் கார் ஓடாது

சென்ற மாதம் மருமகன் அபியோடு வவுனியாவில் ஒரு கொம்பியூட்டர் கடைக்குப் போயிருந்தேன். கேம் விளையாட ஏதோ புதுச் சாமான் பூட்ட வேண்டுமாம். கடைக்காரத் தம்பியும் அவனும் கதைத்த கதையில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: படம் துல்லியமாகத் தெரிய வேண்டுமா, தடங்கலில்லாமல் ஓட வேண்டுமா? இரண்டும் வேண்டுமென்றால் காசு ஏறும். செக்கனுக்கு அறுபது படம் வராவிட்டால் தன்னால் விளையாடவே ஏலாது என்று அபி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"அறுபதுக்குக் குறைஞ்சா கண் நோகும் மாமா."

ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டெரித்த விளக்கில் படித்த பரம்பரை நாங்கள் என்று ஒரு பிரசங்கம் என் தொண்டை வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கடையின் பின்பக்கம் ஜெனரேற்றரை இழுத்து ஸ்ரார்ட் பண்ணினார்கள். யாரோ சிக்கனக்காரன் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறான். புகை உள்ளே வந்தது. கடைக்காரத் தம்பி மூக்கைப் பொத்தினான். நான் மூச்சை ஆழ இழுத்தேன்.

அந்த மணம் வந்தால் எனக்கு வன்னியின் தர்மபுரம்தான் நினைவுக்கு வரும். இரண்டாயிரமாம் ஆண்டளவில் அங்கே ஒரு ரியூசன் கொட்டிலில் நான் கொம்பியூட்டர் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். சண்டையால் வன்னிக்குள் மின்சாரக் கம்பி வழியாக வந்த கரண்ட் நின்று பத்து வருடமாகியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு 'சுவிட்ச்' என்றால் படம் கீறித்தான் காட்ட வேண்டும். அப்படியான ஊரில் நான் கொம்பியூட்டர் சேர். கொழும்பில் ஆறு மாதம் படித்த ஒரே குற்றத்துக்காக ரியூசன் சொந்தக்காரர் நடராசா மாஸ்டர் என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்திவிட்டார்.

கொம்பியூட்டர் ஒன்றுதான். ஒரு நிவாரண நிறுவனம் ஊரை விட்டுப் போகும்போது தூக்கிச் சுமக்கப் பஞ்சிப்பட்டு விட்டுப்போனது. அதற்குள் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கார் ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். நிவாரணம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையில் போய்ச் சேர்ந்தது அந்தக் கேம் ஒன்றுதான் என்பேன்.

அதில் ஒரு வில்லங்கம். சோடனையைக் கூட்டலாம், குறைக்கலாம். கூட்டினால் பாதையின் இரண்டு பக்கமும் மரம், வளைவுக்கு வளைவு புல்வெளி, தூரத்தில் நீல நீலமாய் மலை, மலைக்கு மேலே முகில் எல்லாம் வரும். ஆனால் கார் விக்கி விக்கித்தான் போகும். குறைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பாதை, பச்சையாய் ஒரு தரை, அவ்வளவுதான். கார் வழுக்கிக்கொண்டு பறக்கும். கொப்பி மூலையில் தாளுக்குத் தாள் ஆள் கீறி விசிறினால் அவன் ஓடுவான் அல்லவா? ஒவ்வொரு தாளிலும் அவனுக்கு மீசையும் சட்டைப் பொத்தானும் கீறிக்கொண்டிருந்தால் அவன் எப்போது ஓடுவது? அதே பிரச்சினைதான். கொம்பியூட்டர் கிழடு, பாவம், கீறி முடிக்க மூச்சு வாங்கும்.

வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சோடனைக் கட்சி, ஓட்டக் கட்சி. நான் சோடனைக் கட்சி. பங்கர்க் குழிக்கும் கொட்டிலுக்கும் இடையில் சீவிக்கிற சனம் கேமிலும் வெறுந்தரையைப் பார்க்க வேண்டுமா என்பது என் வாதம். ஓட்டக் கட்சியின் தலைவன் தவம். மெலிந்த பெடியன், எதையும் தேவை, தேவையில்லை என்று இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவான்.

"மரம் காரை ஓட்டுமே சேர்? பிறகேன் அது?" என்பான்.

ஜெனரேற்றருக்குப் பொறுப்பான சிவராசா அண்ணை இரண்டு கட்சியிலும் இல்லை. அவர் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின்காரர். அந்த நாளில் பெற்றோல் கிடைக்காது. ஊசி மருந்துப் போத்தலில் பொன்னைப் போல் வைத்திருக்கும் பெற்றோலில் நாலு சொட்டு விட்டு இழுத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதில் அவர் விண்ணன். இறைப்பு மிசினில் தண்ணீர் குறைந்தால் எஞ்சினைக் கூட்டிவிட வேண்டும், தண்ணீர் பாயும். அந்தச் சாத்திரத்தை அவர் கொம்பியூட்டருக்கும் பொருத்தினார். ஒருநாள் கார் விக்குவதைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி கஷ்டப்படுறியள், நான் கொஞ்சம் கூட்டிவிடுறன்" என்று போய் இழுத்துவிட்டார். எஞ்சின் உறுமியது. கார் விக்கினபடியேதான் போனது. கொட்டிலில் இருந்த ஒரேயொரு பல்ப் மட்டும் சூரியனைப் போல் எரிந்து வெடித்தது. கொம்பியூட்டர் தப்பியது பிள்ளையாரின் தயவு. "கார் கொஞ்சம் ஓடினது போலத்தான் கிடந்தது" என்று அண்ணை கடைசி வரை சாதித்தார். கெட்ட காலத்துக்கு, நாலைந்து பெடியள் அதை நம்பவும் செய்தார்கள்.

சண்டை முற்றவே மாஸ்டர் தமிழனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். பட்டிமன்றம் வைத்தார். 'கேமிற்குச் சிறப்புத் தருவது எழிலா, விரைவா?' நடுவர் அவரேதான். ஒலிபெருக்கி கட்டி, சங்க இலக்கியத்திலிருந்தெல்லாம் இழுத்துப் பேசினார்கள். தேர்ச் சக்கரத்துக்குச் சோடனை செய்த மன்னர்களை நானும் விட்டுவைக்கவில்லை. முடிவில் மாஸ்டர் எழும்பி, எழிலும் விரைவும் இரு கண்கள் என்று தீர்ப்புச் சொன்னார். கைதட்டு வானைப் பிளந்தது. ஒலிபெருக்கி குடித்த மண்ணெண்ணெயில் அந்த மாதத்து எண்ணெய் முடிந்து, எழிலும் இல்லை, விரைவும் இல்லை, கேமே இல்லை என்றானது.

இதெல்லாம் பகிடி. பகிடி இல்லாத விசயம் ஒன்று அடுத்து வந்தது. மாஸ்டருக்கு இரண்டாவது படிப்பிக்கிற ஆள் தேவைப்பட்டது. சம்பளம் பெரிதில்லை, ஆனால் நிழலில் இருந்து செய்கிற வேலை. கேட்டது இரண்டு பேர். ஒருவன் தவம். மற்றவள் புஷ்பா.

புஷ்பாவின் தகப்பன் இராமையா கலவரமொன்றில் அடிபட்டு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கையில் பிள்ளையோடு வந்தவர். தர்மபுரத்தில் அப்படி நிறையக் குடும்பங்கள். வீட்டில் மலைநாட்டுப் பேச்சு, வகுப்பில் எங்களைப் போல் 'ஓம் சேர்' என்று புஷ்பா இரண்டையும் வழுக்காமல் பேசுவாள். வேலை கிடைக்காவிட்டால் அவள் தாயோடு களை பிடுங்கக் கூலிக்குப் போக வேண்டும். அதை மறைக்காமல் என்னிடம் சொன்னாள். "அதுகளுக்கு என்னத்துக்குக் கொம்பியூட்டர்?" என்று ஊரில் சிலர் கேட்டதும் என் காதில் விழுந்தது. கேட்டவர்களுக்குத் தங்கள் பெயரை ரைப் பண்ணத் தெரியாது.

எழுத்துச் சோதனையில் இருவருக்கும் ஒரே புள்ளி. மாஸ்டர் தாடையைச் சொறிந்தார்.

"அப்ப கார் ஓட விட்டுப் பாப்பம்."

"மாஸ்டர், இதென்ன ட்றைவர் வேலையே?"

"மெசினை அடக்குற ஆளுக்குத்தான் மெசின்" என்றார். எங்கள் நாட்டில் இதைவிட மோசமான முறையில் மந்திரிமாரைத் தெரிவு செய்கிறார்கள் என்று நானும் சம்மதித்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம்தான். புஷ்பா தவத்தைவிட நன்றாக ஓட்டுவாள். அவளும் ஓட்டக் கட்சிதான். வெறும் பாதையில் விட்டால் யாராலும் பிடிக்க முடியாது. ஒருவர் பின் ஒருவராக ஓட்டுவது, குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு வேலை, சோடனை அவரவர் விருப்பம் என்று முடிவானது.

போட்டி ஞாயிறு மத்தியானம். கொட்டில் நிரம்பி வேலிக்கு வெளியேயும் சனம். இராமையா வெள்ளை வேட்டி கட்டி, முன் வாங்குப் பலகையின் நுனியில் இருந்தார். தவம் சோடனை முழுவதையும் துடைத்துவிட்டு ஓட்டினான். பிழையில்லை, ஆனால் புஷ்பாவின் வழமையான ஓட்டத்துக்குக் காணாது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

புஷ்பா போய்க் கதிரையில் இருந்தாள். இராமையா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதானா புள்ள? மலை தெரியும்னு சொன்னியே?"

அவள் திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். பிறகு விசையைத் தட்டி, சோடனையை ஒவ்வொன்றாகக் கூட்டத் தொடங்கினாள். மரம், புல், முகில், மலை.

"பிள்ளை, வேண்டாம். தோத்துப்போவாய்" என்று காதுக்குள் சொன்னேன். சோடனைக் கட்சிக்காரன் நான் சொல்கிறேன்.

"தெரியும் சேர். அப்பா ஒருக்காத்தானே வந்திருக்கிறார்."

கார் விக்கி விக்கிப் புறப்பட்டது. சிவராசா அண்ணை ஜெனரேற்றர் பக்கம் எழும்ப, இரண்டு பெடியள் வேட்டியில் பிடித்து இருத்தினார்கள். அப்போதும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. விக்கலுக்கும் விக்கலுக்கும் இடையில் வளைவை ஊகித்து வெட்டி, பாதித் தூரத்தில் தவத்தின் நேரத்தைத் தொட்டுவிட்டாள். வென்றுவிடுவாள் என்றே நினைத்தேன். அப்போது பாதை மலைப்பக்கம் திரும்பியது. இராமையா வாங்கிலிருந்து எழும்பிவிட்டார்.

"அந்தா... இப்புடித்தான் நம்ம தோட்டத்து ரோடும் வளையும். மெதுவா போ புள்ள. மெதுவா."

புஷ்பா விசையிலிருந்து விரலை எடுத்தாள்.

கார் உருண்டு உருண்டு நின்றேவிட்டது. மலை திரை முழுக்க நின்றது. சனம் கூக்காட்டியது, மாஸ்டர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். தகப்பனும் மகளும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. அவள் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலவும் இருந்தது, அழுகையும் வந்தது.

வேலை தவத்துக்குப் போனது. அவன் கெட்டவனில்லை, நன்றாகவே படிப்பித்தான். பதவியேற்றதும் செய்த முதல் காரியம், எண்ணெய் வீணாகிறது என்று அந்தக் கேமை அழித்தது. தேவையில்லாத சாமான் அல்லவா?

போர்நிறுத்தத்தோடு வெளியூர்ப் பாதை திறந்து கொஞ்சக் காலத்துக்குப் பிறகு கிளிநொச்சிச் சந்தையில் இராமையாவைக் கண்டேன். மலைநாட்டுக்குப் போய்வந்தாராம்.

"மலை அப்புடியேதான் இருக்கு சார். நாம இருந்த லயத்து வீட்டத்தான் காணல. பேரச் சொன்னாக்கூட அங்க யாருக்கும் தெரியல." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டார். "ஒங்க பொட்டியில பாத்ததுதான் சார் நல்லாருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கெழம வர்றேன், இன்னொருக்கா காட்டுவீங்களா?"

"புஷ்பா என்ன செய்யுது?"

"களை புடுங்கப் போவுது சார்."

கேமை அழித்துவிட்டதைச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. "மலைய எப்புடி சார் அழிப்பாங்க?" என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்சுக்கு நடந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கடைசிப் போரின் இடப்பெயர்வோடு கொட்டிலும் போனது, கொம்பியூட்டரும் போனது, சிவராசா அண்ணையும் போனார். தவம் கனடாவில் இருக்கிறான். மீள்குடியேற்றத்தின்போது தர்மபுரம் போய் இராமையாவையும் புஷ்பாவையும் விசாரித்தேன். தகப்பன் பேரைச் சொன்னேன், மலைநாட்டாட்கள் என்று சொன்னேன், கொம்பியூட்டரில் கார் ஓட்டின பிள்ளை என்றும் சொல்லிப் பார்த்தேன். அங்கே யாருக்கும் தெரியவில்லை.