அக்காவின் தாலி என் கழுத்தில்

நகைக்கடையில் தாலி வாங்கினால் ஒரு சின்னச் சிவப்புப் பர்ஸில் போட்டுத் தருவார்களே, அதைக் கண்டால் இன்றைக்கும் என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. வல்லம் வடகால் பக்கம் போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் ஒப்பந்த வேலை பார்த்தபோது என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. எங்கள் லைன் லீடர் அக்காவிடமும் அதே கடைப் பர்ஸ்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே லாக்கர்.

போன் கண்ணாடியில் கீறல் விழும் என்று அந்த லைனில் உடம்பில் பொட்டு உலோகம் இருக்க விடமாட்டார்கள். வாசலில் ஒரு கருவியால் தடவிப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவார்கள். தாலிக்கு மட்டும் நாங்களே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை முதலில் கட்டிக்கொள்வோம், பிறகுதான் தாலியைக் கழற்றுவோம். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது. லாக்கரைச் சாத்தும்போது அக்கா தினமும் ஒரே பகடிதான் பேசுவாள். “புருசனுங்கள பூட்டியாச்சு. வாங்கடி, வேலையப் பாக்கலாம்!”

ராஜாக்கள் தங்கத்துக்காகப் படையெடுத்தார்கள், கோயில் நிலவறைகளில் குவித்தார்கள், அரசாங்கமும் கட்டிகட்டியாக அடுக்கி வைத்திருக்கிறதாம். படித்தவர்கள் அதை நாட்டின் செல்வம் என்பார்கள். எங்களிடம் இருந்ததோ குண்டுமணித் தங்கம். அதைச் செல்வம் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. அது ஓர் ஆளின் உயிர்.

ஒருநாள் மதியம் ஷிப்ட் முடிந்து ஓடினேன். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. லாக்கரில் கைக்கு வந்த பர்ஸை எடுத்துக்கொண்டு, பஸ் ஆட்டத்திலேயே தாலியை மாட்டிக்கொண்டேன். சாயந்திரம் குளிக்கும்போது விரலில் ஒரு காசு தட்டுப்பட்டது. என் தாலியில் இருப்பது இரண்டு பவளம், லட்சுமிக் காசு அக்காவுடையது. சோப்பு நுரையோடு வெளியே ஓடி வந்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பத்துத் தடவைக்கு மேல் போட்ட பிறகு எடுத்தவள், “எங்க வூட்டுக்காரரு ஓட்டிகினு போன லாரிய வேற வண்டி இடிச்சிட்சுடி. அவரு தலையில அடி. நெனவே இல்லாம கீறாரு” என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. தீவிர சிகிச்சை அறைக் கதவையே பார்த்தபடி அக்கா நின்றிருந்தாள். என் தாலி அவள் நெஞ்சில் கிடந்தது. அவளும் அப்போதுதான் பார்த்திருக்கிறாள். நான் அழுதுகொண்டே கழுத்தில் கை வைத்தேன். சட்டென்று மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தொடாத! அவரு உசுரு இப்ப உன் கழுத்துல கீது. கண்ணு முழிக்கட்டும். அதுவரைக்கும் நீயும் கழட்டாத, நானும் கழட்டல.”

வீட்டுக்கு வந்து அழுத என்னிடம் கணவர், “நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட ஒக்காந்துகினு கீறேன், இன்னாத்துக்குடி ஒப்பாரி?” என்று சிரித்தார். அவர் பைக்கை உதைத்துக் கிளப்பும் ஒவ்வொரு தடவையும், அவருக்கான தாலி வேறொருத்தி கழுத்தில் இருப்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை லாக்கர் முன்னால் நின்றேன். மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டேன். தாலியைத் தொட்ட கை அதற்குமேல் நகரவில்லை. என் தாலி என்றால் என் மஞ்சள் துண்டு போதும். அடுத்தவள் புருசன் உயிருக்கு அது ஜாமீன் நிற்குமா? வாசலில் கருவி கத்தியது. “கழட்டிட்டு வாம்மா, லைன் நிக்குது” என்றார் காவலாளி. திரும்பி நடந்தேன். நாலாம் நாள் என் பெயரை அடித்துவிட்டார்கள்.

பதினோராம் நாள் அவர் கண் விழித்தார். அக்கா வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு தாலியை மாற்றிக்கொண்டோம். வேலை ஏன் போனது என்று அக்கா கேட்டதற்கு முதுகுவலி என்றேன்.

இப்போது சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். அக்காவின் கணவர் கோல் ஊன்றி நடக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது, அக்கா காப்பி ஆற்றிக்கொண்டே பழைய கதை பேசினாள்.

“மூணாவது நாளு தலைக்கு ஸ்கேன் எடுக்கணும்னு கொழாயாட்டம் ஒரு மிசினுக்குள்ள வுட்டாங்கடி. மயக்கத்துலயே கை காலு ஒதறிகினாரு. நான்தான் உள்ள போயி காலப் புடிச்சிகினு நின்னேன்.”

அன்றைக்கு அவள் கழுத்தில் இருந்தது என் தாலி. அந்தக் காந்த ஸ்கேன் அறைக்குள் பொட்டு உலோகம் ஆகாது, கூடப் போகிறவர்களும் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். தையல் கடைக்கு வருகிற நர்ஸம்மா சொல்லி எனக்குத் தெரியும். அக்கா டம்ளரை நீட்டினாள். கண் என் பக்கம் வரவில்லை. கழற்றினாயா என்று கேட்காமலே காப்பியைக் குடித்து முடித்தேன்.

எத்தனையோ வருடம் ஓடிவிட்டது, என் கணவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் தெருவுக்கு வந்ததும் அவருக்குப் போன் போட்டேன். நான்காவது மணியில் எடுத்தார்.

“இன்னா?”

“ஒண்ணுமில்ல” என்றேன்.