தொந்தி எழுத்து

கைமுட்டி அளவுத் தேக்குத் துண்டில் செதுக்கிய 'ண' அது. அதன் சுழிகள் தொந்திகளாகப் புடைத்து, வயிறு நிறையச் சாப்பிட்ட சகோதரர்களைப் போல ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. செதுக்கியவர் யார் என்பது நினைவுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்த ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் நான் எழுத்துக் கோத்தேன். ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்பதால் எல்லோரும் என்னை மாஸ்டர் என்றார்கள். என்னுடன் வேலை செய்தவர் பள்ளிவாசலுக்குப் பின்னால் குடியிருந்தார். அவரைக் காக்கா என்று அழைப்போம். அவர்கள் வீட்டில் அண்ணனை அழைக்கும் சொல் அது. துண்டுப்பிரசுரங்களின் பெரிய தலைப்பைக் காக்கா, தானே செதுக்கிய மர எழுத்தில் கோப்பார். அதற்குக் கீழே வரும் விபரங்களை ஈய எழுத்தில் நான் கோப்பேன். அதுதான் எங்கள் வேலைப் பிரிவு.

காக்காவின் எழுத்து ஒன்றுகூட நேராக நிற்காது. 'க' சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும். 'ழ' வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். சில எழுத்துகளுக்கு அடியில் அட்டைத் துண்டு செருகி அவற்றைத் துள்ளவும் வைப்பார். கார்னிவல், படகுப் போட்டி, புதுப் படம், சோடா விளம்பரம் என்று எதற்கு வந்தாலும், "அந்தத் தொந்தி எழுத்தில போடுங்கோ" என்றுதான் கேட்பார்கள். என் எழுத்தைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. மாலையில் சுவரொட்டிகளுக்கு முன்னால் நின்று, பார்க்கிறவர்களின் கண்களைக் கவனிப்பேன். தலைப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் கோத்ததை வாசிக்காமலே ஊர் கார்னிவலுக்குப் போனது.

"மாஸ்டர், உங்கட எழுத்து பள்ளிக்கூடம் போகுது, என்ட எழுத்து பெருநாளுக்குப் போகுது" என்பார் காக்கா. அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. அவர் சொன்னது உண்மை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மரண அறிவித்தலுக்கு மட்டும் மர எழுத்து எடுப்பதில்லை. கறுப்புக் கரை கட்டி, ஈய எழுத்திலேயே முடித்துவிடுவோம். ஒரு வெள்ளிக்கிழமை, காக்கா ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம், துறைமுக வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் இறந்துவிட்டார் என்று அவருடைய உறவினர் வந்தார். முதலாளியும் வெளியே போயிருந்தார். இறந்தவர் பெருத்த உடம்புக்காரர். தன் வயிற்றைத் தட்டித் தாளம் போட்டுத் துறைமுகத் தொழிலாளரைச் சிரிக்க வைப்பவர். நான் மர எழுத்துப் பெட்டியைத் திறந்து, 'மரண அறிவித்தல்' என்று தொந்தி எழுத்தில் கோத்தேன். தலைப்பு என்றால் காக்கா என்பது ஊருக்கே தெரியும். பழி அவர்மேல் விழும் என்று கணக்குப் போட்டேன். நானே மெசினை மிதித்து அடித்துக் கொடுத்தேன். வந்தவர் கட்டைப் பிரித்துப் பாராமல் கொண்டுபோனார்.

மறுநாள் காலை முதலாளி ஒரு பிரதியைப் பிடித்தபடி வந்தார். "செத்த வீட்டிலயும் கார்னிவல் காட்டுறீரோ?" என்று காக்காவைப் பார்த்துக் கத்தினார்.

காக்கா அதை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் நேத்து ஜும்மாவுக்குப் போனனான் முதலாளி. இது நான் கோத்ததில்ல."

முதலாளி என் பக்கம் திரும்பினார். என் வாய் திறக்கவில்லை. அந்த நேரம் இறந்தவரின் மகள், அழுது வீங்கிய முகத்துடன் படியேறி வந்தாள்.

"பிழை நடந்துபோச்சு தங்கச்சி" என்று முதலாளி தொடங்கினார்.

"என்ன பிழை? அப்பாவே வந்து நிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு. அம்மா நேற்றிலிருந்து வாய் திறக்கேல்ல. இதைப் பாத்துத்தான் சிரிச்சவா, பிறகு வாய்விட்டு அழுதவா. ஆர் இதைக் கோத்தது?"

"நான்தான்" என்றேன்.

பழிக்குத் திறக்காத வாய் புகழுக்குத் திறந்தது. அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அப்பாவை நீங்கள்தான் விளங்கினனீங்கள்" என்று அழுதாள். நான் கையை இழுக்கவில்லை.

அவள் போனதும் காக்கா சொன்னார்: "எழுத்து என்ட, வயிறு அந்த மனுசன்ட. கும்பிடு மட்டும் உங்களுக்கா மாஸ்டர்?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் முதலாளி அன்றே, "இனித் தலைப்பும் மாஸ்டரே பாக்கட்டும்" என்றார். அதைக் கேட்டுக் காக்காவின் சிரிப்பு நின்றது. சில மாதங்களில் அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதப் போய்விட்டார். மர எழுத்துகள் அச்சுக்கூடத்தோடு தங்கிவிட்டன. என் கையில் அவை வரிசையாக, ஒழுங்காக நின்றன. "பழைய மாதிரி இல்லையே" என்று வாடிக்கையாளர்கள் சொல்லும்போதெல்லாம், வேலையை விட்டுப் போனவர்மேலும் எனக்கு எரிச்சல் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் காலமானார். முஸ்லிம் வீடுகளில் மரணத்துக்கு நோட்டீஸ் அடிப்பதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். நான் வீதியில் நின்று கேட்டேன். அவர் பெயர், தகப்பன் பெயர், ஜனாஸா எடுக்கும் நேரம், அவ்வளவுதான். எழுத்தைப் பற்றி ஏதாவது சொல்வார்களோ என்று கடைசிவரை காது கொடுத்து நின்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. இத்தனை வயதாகியும் நான் வெட்கப்படுவது அந்த மரண அறிவித்தலுக்காக மட்டுமல்ல, வீதியில் நின்று அடைந்த அந்த ஆறுதலுக்காகவும்தான்.