போனில் அழைத்த அண்ணன்

செல்லதுரையின் காரில் ஏறினால் நாம் பேச வேண்டியதே இல்லை, அவரே பேசிக்கொண்டு வருவார். பூலாம்பாடிக்காரர். ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே பச்சைமலையில் தொடங்கி, கிழக்கே கங்கைகொண்ட சோழபுரத்தில் கொண்டுபோய் முடிப்பார். நானும் அப்படி வந்து மாட்டியவன்தான். மலையடிவாரத்துச் சின்ன வெங்காய வயல், கரிசலில் மக்காச்சோளம், அரியலூர் தாண்டினால் செம்மண், அப்புறம் முந்திரிக்காடு என்று வழியெல்லாம் சொந்தச் சொத்தைக் காட்டுவதுபோலக் காட்டினார்.

“மலைய விட்டு எறங்கியாச்சு, கடலு இன்னும் வரல. நடுவுல கெடக்குற சனம் சார் நாங்க. ரெண்டு பக்கத்துக் காத்தும் எங்களுக்குத்தான்” என்றார்.

கோயிலைப் பார்த்துவிட்டு வந்து, முந்திரித்தோப்புக்குள் கொஞ்சம் நடக்கலாமா, தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டேன். மனிதர் சட்டென்று அடங்கிப்போனார்.

“இருக்காங்க சார். என் கூடப்பொறந்த தங்கச்சி வூடே இங்கதான். அந்தத் தெருவுல திரும்புனா தோப்பு. ஆனா நான் போறதில்லீங்க.”

துருவித் துருவிக் கேட்டதில் கதை வந்தது. சில வருடங்களுக்கு முன் புது வீடு கட்டிக் குடிபுகுந்தபோது, ஊரையெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர், தங்கை ஜோதிக்கு மட்டும் போன் போட்டிருக்கிறார். சொந்தத் தங்கைக்கு எதற்குத் தட்டு என்ற நினைப்பு. கட்டிக்கொடுத்த பெண்ணை நல்ல காரியத்துக்கு அழைப்பதென்றால் நேரில் போய், தட்டு வைத்து, மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். ஜோதியின் கணவர் காசிநாதன் கௌரவம் பார்த்தார். அவள் வரவில்லை. வராதவளை இனி எதற்குக் கூப்பிடுவது என்று இவரும் முறுக்கிக்கொண்டார்.

“எங்கம்மா ஆண்டாயி கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. போயி ஒரு வார்த்த சொல்லிக் கூட்டியாடான்னு. பாக்கலாம், பாக்கலாம்னு தள்ளிட்டேன். போன வருசம் அது போயிருச்சு சார்.”

சாவுக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை. ஜோதி ஓடிவந்தாள். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். இழவு வீட்டில் ‘போய்வருகிறேன்’ என்று சொல்லக்கூடாது என்பதால், சொல்லிக்கொள்ளாமலே கிளம்பியும் போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. “யார் யாருக்கோ ஊரைச் சுத்திக் காட்டுறீங்க. இந்தத் தெருவுல திரும்ப மட்டும் ஸ்டியரிங் வரலையா?” என்று கத்திவிட்டேன்.

செல்லதுரை கோபித்துக்கொள்ளவில்லை. தையில் மகள் பிரவீணாவுக்குக் கல்யாணம். இதற்கும் போன்தானா என்று மனைவி தினமும் ஏசுவதாகச் சொன்னார். பிறகு கோயில் எதிரே உள்ள கடைகளில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, ஒரு எவர்சில்வர் தட்டு எல்லாம் வாங்கினார்.

“வூட்டுக்காரியக் கூட்டியாந்து இன்னொரு தடவ முறையா வச்சுக்கிறேன். இப்ப வாங்க சார், மனசு மாறுறதுக்குள்ள போயிருவோம்.”

ஜோதி வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து, “வாண்ணே” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள். காசிநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

“இம்புட்டுத்தானே மச்சான்? வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே வந்துருப்போமே” என்று சிரித்தார்.

அவ்வளவு லேசாக முடிந்துபோனதைத்தான் செல்லதுரையால் தாங்க முடியவில்லை. உட்காரவும் தோன்றாமல் நின்றார். ஜோதி சொம்போடு வந்ததும் அவளிடம், “கல்யாணத்துக்கு ரெண்டு நாளு முன்னாடியே வந்துரும்மா. தங்கியிருந்து எல்லாத்தையும் நீதான் பாக்கணும்” என்றார்.

“வரேண்ணே. அத்தக்காரி நான் வராம எப்படி? ஆனா ராத்தங்க மாட்டேன்.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “புது வூட்டுல என்னயப் பக்கத்துல படுக்க வச்சுக்கணும்னு அம்மா போன்ல சொல்லிக்கிட்டே இருக்கும். அந்த வூட்டுல நான் அதப் பொணமாத்தான் பாத்தேன். அங்க எனக்குத் தூக்கம் வராதுண்ணே.”